ஆயுத பூசைக்குக் கழுவின பொட்டி

எனக்கு வாயி கொஞ்சம் நீளம். ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரேசன் கடையிலயோ பஸ்ஸுலயோ பேங்க்குலயோ, மனசுல பட்டத கேக்காம நான் வூடு திரும்பினதில்ல. அப்பேர்ப்பட்ட என் வாயக் கட்டிப் போட்ட விசயம் ஒண்ணு இருக்குது. அது மீனு விசயம். ஆனா மீனச் சொல்லணும்னா மொதல்ல லாரியச் சொல்லணும்.

எங்க வூட்டுக்காரரு இளவட்டத்துல இருந்து லாரி ஓட்டினவரு. தொப்பூர் எறக்கத்துல ஒரு நா பிரேக் புடிக்கல. முன்னாடி போன கண்டெய்னர் மேல மோதி, கேபின் நசுங்கி, எடது காலு உள்ள மாட்டிக்கிச்சு. பின்னாடியே இன்னொரு லாரியில வந்தவரு அவரோட கூட்டாளி. எனக்குக் கூடப் பொறக்காத அண்ணன். இவரு அவர மச்சான்னுவாரு, அவரு இவர மாப்ளன்னுவாரு. கடப்பாரை வரட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு நிக்காம, ஒடஞ்ச கண்ணாடிய வெறுங்கையால பேத்துப் போட்டுட்டு இவர வெளிய இழுத்தது அந்த அண்ணன்தான். அதுல அவரு வலது கையில ரெண்டு வெரலு நரம்பு அறுந்துபோச்சு. இன்னிக்கும் மடங்காது. சோறு பெசையறப்ப அந்த ரெண்டு வெரலும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும்.

காலுக்குள்ள பிளேட் வச்சு அனுப்பிட்டாங்க. வலி போச்சு, பயம் போவல. தூக்கத்துல இவரு வலது காலு கட்டிலு சட்டத்தப் போட்டு அழுத்தும். பிரேக் புடிக்கறாராம். கட்டிலு கிறீச்சுங்கும், நான் முழிச்சுக்குவேன், அவரு முழிக்க மாட்டாரு. வேர்த்து ஊத்தும். 'இனிமே ஸ்டேரிங் தொட மாட்டேன் புள்ள'ன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு. சரி, தொட வேண்டாம், தின்றதுக்கு என்ன வழி? எங்க நெலம் தருமபுரிக்கு அந்தாண்ட, இண்டூரு பக்கம். மானாவாரி. மழை பேஞ்சாத்தான் ராகி, தொவரை. போர்வெல் ஒரு மணி நேரம் ஓடினா இருமும், அப்பறம் காத்துதான் வரும்.

இந்த லட்சணத்துல ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்து, மீனு வளக்கப் போறேன்னாரு. எனக்கு வந்துச்சே சிரிப்பு. "குடிக்கற தண்ணிக்கே கொடம் தூக்கற ஊர்ல மீனா? ஒகேனக்கலுக்கே குடி போயிரலாமா?"ன்னேன். அவரு கோவிச்சுக்கல. "தண்ணி இல்லாத ஊருக்குத்தான் புள்ள இது. ஒரே தண்ணிய சுத்திச் சுத்தி ஓட்டறது. ஆவியா போற அளவுக்கு மட்டும் ஊத்தினாப் போதும்"னாரு. நான் நம்பல. ஆனா மனுசன் பல நாளைக்கப்பறம் ஒரு விசயத்தப் பத்தி வாய் தொறந்து பேசறாரேன்னு விட்டுட்டேன்.

தகர ஷெட்டு ஒண்ணு போட்டோம். உள்ளார இரும்பு வலை கட்டி, தார்ப்பாய் விரிச்ச வட்டத் தொட்டிங்க. தொட்டிக்கு அடியில இருந்து தண்ணி கெளம்பி, ஒரு சல்லடையில கசடு கழிஞ்சு, அப்பறம் நீலக் கலர்ல இருக்கற ஒரு பெரிய பொட்டிக்குள்ள போவும். அந்தப் பொட்டி நெறைய சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரம், நெல்லிக்கா அளவு. கீழ இருந்து ப்ளோவர் காத்து அடிக்கும், அந்தச் சக்கரமெல்லாம் பொங்கல் பானையில அரிசி கொதிக்கற மாதிரி பொரண்டுக்கிட்டே கெடக்கும். அதத் தாண்டி வந்தா நல்ல தண்ணி. மறுபடி தொட்டிக்கு. கரண்டு போனா ஓட்டறதுக்கு ஒரு ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டோம்.

சக்கரம் வாங்கினப்ப வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. போவப் போவ பழுப்பேறி, பாசி புடிச்ச மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. கர்மம், பாக்கவே அருவருப்பா இருக்குதேன்னு கையை வச்சேன். "ஏ ஏ, தொடாத!"ன்னு கத்தினாரு. மீனு போடற கழிவு தண்ணியில கலந்தா அம்மோனியான்னு ஒரு வெசமா மாறுமாம். அந்த வெசத்தத் தின்னு செரிக்கற கிருமி அந்த வழவழப்புலதான் குடியிருக்குதாம். "லாரிக்கு ஒரு கிளீனரு. இதுக்கு கோடி கிளீனருங்க புள்ள. சம்பளம் இல்ல, பேட்டா இல்ல, நாள் பூரா வேல செய்வானுங்க. இவனுங்க வந்து சேரவே மாசத்துக்கு மேல ஆச்சு. இந்தப் பொட்டிய மட்டும் யாரும் கழுவக் கூடாது"ன்னாரு.

காலங்காத்தால ஷெட்டுக்குப் போயி, ஒரு கண்ணாடிக் குப்பியில தண்ணி மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு. மஞ்சளா இருந்தா நிம்மதி. பச்சையானா வெசம் ஏறுதுன்னு அர்த்தம். வெள்ளாமக்காரனுக்குப் பச்சையப் பாத்தாத்தான் வயிறு நெறையும், எங்க வூட்டுல மட்டும் பச்சையப் பாத்தா பயம். தெனமும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. ஜிலேபிக் கெண்டைக் குஞ்ச வெரலு நீளத்துல வாங்கி விட்டோம், உள்ளங்கை அகலம் ஆச்சு. தீனியத் தூவினா தண்ணி கொதிக்கற மாதிரி துள்ளும். இவரு மொகத்துல அப்படி ஒரு களை.

எனக்கு மீனு மேல பெருசா ஆசையெல்லாம் இல்லைங்க. எனக்கு வேண்டியது வேற. ப்ளோவர் 'ம்ம்ம்'னு ஓடற சத்தம் வூடு வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தம் வந்ததுல இருந்து கட்டிலு கிறீச்சிடல. அந்தக் காலு அடங்கிருச்சு. மீனு நின்னா இவரு தரையில நிப்பாரு, மீனு போனா லாரி. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் புடிக்கலாம்னு இருந்தோம். அதுக்கு முன்னாடி ஆயுத பூசை வந்துச்சு. லாரிக்காரங்களுக்கு ஆயுத பூசைன்னா சாதாரணமில்ல. தீபாவளிக்குக் கூட துணி எடுக்காம இருப்பாங்க, ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவாம இருக்க மாட்டாங்க. போல்ட் நட்டு வரைக்கும் தேச்சு, வாழைக்கன்னு கட்டி, டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி எடுத்தாத்தான் அந்த வருசம் ஓடும். அண்ணனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கெடையாது. வருசா வருசம் அவரு லாரிய எங்க வாசல்லதான் கொண்டாந்து நிறுத்துவாரு. முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒருத்தர் வண்டிய ஒருத்தர் மாத்திக் கழுவுவாங்களாம். கூட்டாளி வண்டியக் கழுவி விட்டா கூட்டாளிக்கு ஆயுசு கெட்டின்னு அவங்களுக்குள்ள ஒரு நம்பிக்கை.

அன்னிக்கு இவரு பூசணிக்கா, மாலை, பொரி வாங்க தருமபுரி போயிட்டாரு. நான் அடுப்படியில சுண்டலத் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். ஷெட்டுப் பக்கம் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. அண்ணன் லாரியக் கழுவறாருன்னு நெனச்சேன். வேற என்னத்த நெனைக்க?

இவரு வந்து எறங்கறப்ப அண்ணன் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரு, மொகமெல்லாம் சிரிப்பு. "வாடா மாப்ள, உன் வண்டிய வந்து பாரு"ன்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாரு. நானும் கரண்டியோட பின்னாடியே போனேன். ப்ளோவர், பம்பு, பைப்பு எல்லாம் பளபளன்னு தொடைச்சு, சந்தனம் குங்குமம். நீலப் பொட்டிக்கு மூணு பட்டை. உள்ளார அந்தச் சக்கரமெல்லாம் மல்லியப்பூ கொட்டி வச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு பொரண்டுக்கிட்டு இருந்துச்சு.

"பாதிப் பொழுது இதுக்கே போச்சுரா. எத்தன அழுக்கு! வழவழன்னு, சீ. பிளீச்சிங் பவுடரும் சோப்பாயிலும் போட்டு ஒவ்வொண்ணா தேச்சேன். பயப்படாத, நாலு தண்ணியில நல்லா அலசிட்டுத்தான் போட்டேன். மீனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுல்ல?"ன்னாரு. மடங்காத அந்த ரெண்டு வெரலும் ஊறிப்போயி, வெளுத்து, தோலு சுருங்கி இருந்துச்சு.

நான் வாயத் தொறந்தேன். இவரு திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. தொறந்த வாயி அப்படியே மூடிக்கிச்சு. "சூப்பரா இருக்குது மச்சான்"னாரு இவரு. பூசை நடந்துச்சு. பூசணிக்கா ஒடைச்சாங்க. சுண்டலு சாப்பிட்டு, நல்லா இருக்குது தங்கச்சின்னு சொல்லிட்டு, அண்ணன் சாயங்காலமே பெங்களூரு லோடுக்குக் கெளம்பிட்டாரு. லாரி ரோட்டுல திரும்பற வரைக்கும் இவரு கைய ஆட்டிக்கிட்டே நின்னாரு. அப்பறம் பொட்டி பக்கத்துல போயி குத்தவச்சு உக்காந்துட்டாரு.

நான் ஆரம்பிச்சுட்டேன். "மனுசனா அவரு? கேட்டுச் செய்யணும்னு ஒரு அறிவு வேணாம்? இப்பவே போன் போடறேன்"னு குதிச்சேன். "போட்டு என்ன சொல்லுவ? மீன நீதான் கொன்னன்னா? அவன் தாங்குவானாடி? அந்தக் கையாலதான் என்னை இழுத்தான். அந்தக் கையாலதான் இதையும் கழுவினான். உனக்குப் புண்ணியமாப் போவும், அவன் காதுக்கு மட்டும் இது போவவே கூடாது"ன்னாரு. கெடுதல் பண்ணினவன்னா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுருப்பேன். பாசத்துல பண்ணினவர என்ன கேக்கறது?

பயிற்சி குடுத்த சாருக்குப் போன் போட்டோம். தீனிய நிறுத்துங்க, கல்லுப்பு போடுங்க, முடிஞ்ச வரைக்கும் தண்ணி மாத்துங்கன்னாரு. கிருமி எப்ப வளரும்னு கேட்டதுக்கு, "வாரக்கணக்குல ஆகுங்க, அவசரப்படுத்த முடியாது"ன்னாரு. மறுநா குப்பி லேசா பச்சை. அதுக்கு மறுநா வேப்பெலைப் பச்சை. தண்ணி மாத்தறதுன்னா தண்ணி வேணுமே? அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. போர்வெல் இருமிட்டு நின்னுருச்சு. கொழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணி குளோரின் போட்டது, அப்படியே ஊத்தினா அதுவே மீனக் கொல்லும். ஒரு நா பூரா அண்டாவுலயும் டிரம்முலயும் தொறந்து வச்சு வச்சு ஊத்தினேன். என் இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. டேங்கர்காரனக் கேட்டா, எங்களுக்கே ஏரி வத்திக் கெடக்குதுங்கறான்.

சரி, இருக்கறத புடிச்சு வித்துத் தொலைக்கலாம்னு பாத்தா, புரட்டாசி. எங்க சனம் கவிச்சி தொடாத மாசம். மீன்காரம்மாவே கூடையக் கவுத்து வச்சுட்டு கொய்யாப்பழம் வித்துக்கிட்டு இருக்குது. ஒகேனக்கல்ல வறுவக் கடைக்காரங்கள கேட்டாரு. இத்தினிக்கூண்டு மீன வச்சு என்னங்க பண்றதுன்னு திருப்பி விட்டுட்டாங்க. மொத்தப் புரட்டாசியும் கோவிந்தா கோவிந்தான்னு நாமம் போட்டுக்கிட்டு இருக்குது, எங்களுக்கும் சேத்துப் போட்டுருச்சு.

ஒரே ஒரு வழி இருந்துச்சு. ஓடிக்கிட்டு இருக்கற பண்ணையில இருந்து பழுப்பேறின சக்கரம் கொஞ்சம் கெடைச்சா, அதப் பொட்டியில போட்டா கிருமி சீக்கிரம் பெருகும். சேலத்துக்கு அந்தாண்ட ஒருத்தர் தர்றேன்னாரு. "அண்ணனுக்குச் சொன்னா லாரியில போயிட்டு நொடியில வந்துருவாரே"ன்னேன். சொன்ன பொறவுதான் எனக்கே ஒறைச்சுது. எதுக்குன்னு கேப்பாருல்ல? இவரு பஸ்ஸுலயே போனாரு. ஈரச் சாக்குல கட்டி எடுத்துக்கிட்டு வந்தவரு, தொப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. எவனோ ஒரு லாரிக்காரன் கவுந்துட்டான், ரோடு முழுக்க வண்டி. உச்சி வெயிலு. சாக்கு நாறுதுன்னு கண்டக்டரு தூக்கி மேல கட்டிட்டாராம். காத்தும் இல்லாம, சூட்டுல வெந்து, வூட்டுக்கு வந்து பிரிச்சப்ப செத்த எலி நாத்தம். இவரு அத மோந்து பாத்துட்டு மூலையில வச்சாரு. கவுந்த லாரி டிரைவரு பொழைச்சானான்னு நான் கேட்டேன். அவரு குப்பிய எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி கட்டிலு கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு.

மறுநா விடியறப்ப மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுதுங்க. செவுளு கருஞ்செவப்பு. தீனி கேக்கற மாதிரியே இருக்கும், ஆனா தீனி கேக்கல. ப்ளோவர் அது பாட்டுக்கு ஓடுது, பம்பு ஓடுது, தண்ணி கண்ணாடியாட்டம் தெளிவா சுத்துது. ஒரு கோளாறும் கண்ணுக்குத் தெரியல. கரண்டு போயிருந்தாலாவது ஓடி ஆடி எதையாவது பண்ணியிருப்போம். இங்க நின்னு பாக்கறதத் தவிர ஒரு மண்ணும் பண்ண முடியல. ஆம்பள மனுசன், தொட்டிச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டு, "கொஞ்ச நாளு தாங்குங்கடா, கொஞ்ச நாளு"ன்னு மீனுகிட்டக் கெஞ்சிக்கிட்டு இருக்காரு. எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. யார் மேலன்னுதான் தெரியல.

மல்லாந்து மெதந்தத எல்லாம் வலை போட்டு அள்ளிக்கிட்டு இருந்தப்ப அண்ணன் போன் வந்துச்சு. இவரு கை ஈரம், நான்தான் எடுத்தேன். "தங்கச்சி, மீனு எப்படிம்மா இருக்குது? பூசை போட்ட நேரம், நல்லாப் பெருத்திருக்குமே?"ன்னாரு. இவரு வலையப் புடிச்சபடி என்னையே பாக்கறாரு. "நல்லா இருக்குதுண்ணா"ன்னேன். "தீபாவளிக்கு மொத மீன எனக்குத்தான் வறுக்கணும்"னாரு. சரிங்கண்ணான்னு வச்சுட்டேன்.

எல்லாத்தையும் தென்னங்கன்னுக்குக் குழி தோண்டிப் பொதைச்சோம். வெண்ணெய் தெரளறப்ப தாழி ஒடைஞ்ச கதைதான்.

பத்து நா கழிச்சு அண்ணன் நேர்ல வந்துட்டாரு. காலித் தொட்டியப் பாத்துட்டு, வாசல்லயே நின்னுட்டாரு. இவரு முந்திக்கிட்டு, கரண்டு போச்சு மச்சான், ஜெனரேட்டரும் எடுக்கலைன்னு சொல்லிட்டாரு. அண்ணன் கண்ணத் தொடச்சுக்கிட்டு, அந்த ஜெனரேட்டர எட்டி ஒரு ஒதை ஒதைச்சாரு பாருங்க. அதோட விட்டாரா? அதப் பிரிச்சுப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஒவ்வொண்ணா தொடைச்சுப் பாத்தாரு. "எல்லாம் நல்லாத்தானடா இருக்குது. ஏன் எடுக்கல?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. குத்தமில்லாத ஜெனரேட்டரு ஒரே இழுப்புல ஓடுச்சு.

போறப்ப சொன்னாரு. "மனச விட்டுராத மாப்ள. என் வண்டிக்கு ரெண்டாவது டிரைவர் வேணும். வெளியாள வச்சு என்ன பண்றது? பழையபடி ஒண்ணா ஓட்டலாம் வா."

அண்ணன் எங்களுக்கு ஆறுதலா எதையாவது செய்யணும்னு தவிச்சுத்தான் கேட்டாரு. மறுபடி குஞ்சு விடறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்ல. வேணாம்னு சொல்ல, வாய் விட்டுச் சொல்ற மாதிரி காரணமும் இவருகிட்ட இல்ல. ஸ்டேரிங் தொடப் பயம்னு சொன்னா, அப்ப மீனையே மறுபடி விடுன்னு அண்ணன் தோண்ட ஆரம்பிப்பாரு, எல்லாமே வெளிய வந்துரும். "சரி மச்சான்"னாரு. என் தலையில அடிச்ச சத்தியம் என்னாச்சுன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா மட்டும்?

இப்ப அவரு லாரியிலதான் போறாரு. வாரத்துல பாதி நாளு ரோட்டுலதான். தொப்பூர் எறங்கற நேரம்னு தெரிஞ்சா, அடுப்படியில சோறாக்கிக்கிட்டு நிக்கறப்பவே என் வலது காலு தரைய அழுத்துது. என்னை அறியாமயே அழுத்துது. சோத்துத் தண்ணி பொங்கி வழிஞ்சாக் கூடக் காலை எடுக்க முடியறதில்ல. போன் வந்து, 'எறங்கியாச்சு புள்ள'ன்னு அவரு சொன்ன பொறவுதான் காலு என் பேச்சக் கேக்கும்.

இந்த வருசமும் ஆயுத பூசை வந்துச்சு. லாரி எங்க வாசல்ல நின்னுச்சு. இவரு கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு டயரத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. அண்ணன் பக்கெட்டும் பிரஷ்ஷுமா என்கிட்ட வந்தாரு.

"தங்கச்சி, வண்டிகிட்ட என்னை விடவே மாட்டேங்கறான் உன் புருசன். நான் சும்மா நின்னு என்ன பண்ண? ஷெட்டுல அந்த நீலப் பொட்டி தூசி புடிச்சுக் கெடக்குது. போன வருசம் எப்படிப் பளபளன்னு வச்சேன், ஞாவகம் இருக்குதா? இன்னிக்கும் கழுவி வச்சுரட்டுமா? என்னிக்காவது மறுபடி மீனு விடுவீங்கல்ல, அப்ப சுத்தமா இருக்கணும்ல?"

இவரு டயர்ல இருந்து கைய எடுத்துட்டாரு. அங்க இருந்தே என்னைப் பாத்தாரு. போன வருசம் பாத்த பார்வையில அதட்டல் இருந்துச்சு. இந்தத் தடவை கெஞ்சறாரு.

"கழுவுங்கண்ணா"ன்னேன்.

"பிளீச்சிங் பவுடர் இருக்குதாம்மா?"

உள்ள போயி எடுத்தாந்து அவரு கையில குடுத்தேன்.